குட்டிக்கு கொரோனா சேர்த்த ஊசியா, சேர்க்காத ஊசியா?

வீட்டுக்குப் புதிதாக நாய்க்குட்டி வந்த முதல் வாரத்திலேயே இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது. பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் கூட்டு ஊசியில், ஒரு கிளினிக்கில் 'நைன் இன் ஒன்' போடலாம் என்பார்கள். நாலு தெரு தள்ளி இன்னொரு கிளினிக்கில் 'செவன் இன் ஒன்' போதும் என்பார்கள். விலை கூடின ஊசியில் கொரோனாவும் சேர்ந்திருக்கிறது என்று கேட்டதும் 2020 ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் குட்டி வளர்க்கிற பிள்ளைகள் என்னிடம் கேட்பதும் இதைத்தான்: "அக்கா, கொரோனாவுக்கும் சேத்தே போட்டுடலாமா? காசு போனா போவுது."

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வடசென்னையில் வளரப்போகிற குட்டிக்கு கொரோனா இல்லாத, ஆனால் எலிக்காய்ச்சல் இருக்கிற ஊசியையே நான் தேர்ந்தெடுப்பேன். மிச்சப்படும் பணத்தைப் பதினாறாவது வாரத்து டோஸுக்கு எடுத்துவைப்பேன். கடைசி முடிவு உங்கள் டாக்டரும் நீங்களும் சேர்ந்து எடுப்பது. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஊசியில் இருக்கும் கொரோனா, மனிதர்களுக்கு வந்த கோவிட் கிருமி அல்ல. இதைத் தெளிவாகச் சொல்லாததால்தான் பாதிக் குழப்பம். நாய்களின் குடலைத் தாக்கும் கொரோனா வைரஸை 1971-லேயே ஜெர்மனியில் ராணுவ நாய்களிடம் கண்டுபிடித்துவிட்டார்கள். கொரோனா வைரஸ் குடும்பத்தில் அது ஆல்ஃபா பிரிவு. கோவிட் கிருமி பீட்டா பிரிவு. ஒன்றுக்குப் போட்ட ஊசி மற்றொன்றைத் தடுக்காது. இரண்டும் போதாதென்று நாய்களுக்கு மூன்றாவதாகவும் ஒரு கொரோனா உண்டு. 2003-இல் இங்கிலாந்தில் அடையாளம் கண்டார்கள், மூச்சுக்குழாயைத் தாக்கி இருமலைக் கொடுப்பது. அதையும் இந்தக் குடல் கொரோனா ஊசி தடுக்காது. 'கொரோனாவுக்கும் சேத்து' என்று காசு கொடுக்கிறவர்களுக்குக் கிடைப்பது மூன்றில் ஒன்றுக்கான மருந்து, அதுவும் அதிகம் பயப்படத் தேவையில்லாத ஒன்றுக்கு.

கோவிட் நாய்களுக்கு வரவே வராதா என்றால், வரும். 2020 தொடக்கத்தில் ஹாங்காங்கில் வயதான பொமரேனியன் ஒன்றிடம் முதலில் கண்டார்கள். ஆனால் நாய்களின் உடலில் அந்தக் கிருமி சரியாகப் பெருகுவதில்லை. பூனை இனத்துக்குத்தான் எளிதில் தொற்றுகிறது. 2021 ஜூனில் நம் வண்டலூர் பூங்காவில் சிங்கங்களுக்குத் தொற்றி, இறப்பு வரை போனது நினைவிருக்கும். விலங்குகளுக்கென்று ஹிசாரில் உருவாக்கிய கோவிட் தடுப்பூசியை 2022 ஜூனில் மத்திய அரசு வெளியிட்டது. அது வேறு விஷயம், கிளினிக் ஃபிரிட்ஜில் இருக்கும் நைன் இன் ஒன்னுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இனி குடல் கொரோனா என்ன செய்கிறது என்று பார்ப்போம். கிருமி பட்ட நாய் போடும் மலம் வழியாகத்தான் பரவுகிறது. மோந்து, நக்கி, குட்டி வாங்கிக்கொள்கிறது. ஒன்றிலிருந்து நாலு நாளில் பேதி தொடங்கும், சில குட்டிகள் வாந்தியும் எடுக்கும், சோர்ந்து படுக்கும். பெரும்பாலான குட்டிகள் ஒரு வாரம், பத்து நாளில் தானே தேறிவிடுகின்றன. வளர்ந்த நாய்க்கு வந்ததே பல நேரம் தெரியாது. காய்ச்சல் அதிகம் இருக்காது, மலத்தில் ரத்தம் அபூர்வம்.

குட்டிகளின் குடலைத் தாக்கும் இன்னொரு வைரஸான பார்வோ அப்படியில்லை. குடலின் உள்சுவரில் சின்னச் சின்ன விரல்களாக நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகள்தான் சாப்பாட்டின் சத்தையும் நீரையும் இழுக்கின்றன. கொரோனா அந்த விரல்களின் நுனியில் உள்ள செல்களை அழிக்கிறது. பார்வோ அவற்றின் அடியில், புது செல்கள் பிறக்கும் குழிகளையே அழிக்கிறது. கீரைப் பாத்தியில் நுனியைக் கிள்ளினால் துளிர்த்துவிடும், வேரோடு பிடுங்கினால் என்ன இருக்கும்? அவ்வளவு வித்தியாசம் இரண்டுக்கும். பார்வோ எலும்பு மஜ்ஜையையும் விடாது. வெள்ளை அணுக்கள் சரிந்து, கிழிந்த குடல் வழியே மற்ற கிருமிகள் ரத்தத்தில் ஏறி, குட்டி இரண்டு மூன்று நாளில் போய்விடும். வைத்தியமே செய்யாமல் விட்டால் பத்தில் ஒன்பது குட்டிகள் வரை இறக்கலாம். நேரத்தோடு ட்ரிப்ஸ் ஏற்றிக் கவனித்தால் பத்தில் எட்டு, ஒன்பது பிழைக்க வாய்ப்பு உண்டு. இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டுதான் ஊசி விஷயத்தைப் பேச வேண்டும்.

கொரோனா சேர்த்த ஊசி வேண்டும் என்பவர்களிடம் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் குட்டி தாங்காது என்பார்கள். உண்மைதான். கொரோனா நுனிகளை அழித்ததும் அடியில் உள்ள குழிகள் புது செல்களை அவசரமாக உற்பத்தி செய்யும். வேகமாகப் பெருகும் செல்களைத்தான் பார்வோ தேடிப் பிடிக்கும். நோய் இரட்டிப்பாகும். ஆனால் இந்தக் கூட்டணியில் உயிரைக் குடிப்பது பார்வோ. அதற்கு ஊசி நன்றாகப் பிடித்திருந்தால், தனியாக வரும் கொரோனா பெரும்பாலும் ஒரு வாரப் பேதியோடு போய்விடும்.

இன்னொரு வாதம் இத்தாலியிலிருந்து வருகிறது. 2005-இல் அந்நாட்டின் தெற்கே ஒரு செல்லப்பிராணிக் கடையில் குட்டிகள் இறந்தன. குடலோடு நிற்காமல் நுரையீரல், கல்லீரல் வரை பரவிய கொரோனா அது. கேட்டால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் சாதாரணக் குடல் கொரோனா வந்து தேறிய நாய்களைக்கூட அந்தக் கடுமையான ரகத்துக்கு எதிராக முழுமையாகக் காக்க முடியவில்லை என்று பின்னர் ஆராய்ந்து சொன்னார்கள். நிஜத் தொற்றே முழுப் பாதுகாப்பு தராதபோது, ஊசியை நம்பி அந்த ஒரு பயத்துக்காகக் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை.

ஊசிக்கே உள்ள குறைகளும் இரண்டு. கொரோனாவால் மிகவும் அவதிப்படுவது ஆறு வாரத்துக்கும் குறைந்த குட்டிகள். ஊசி தொடங்குவதே ஆறு, எட்டு வாரத்தில். காப்பாற்ற வேண்டிய வயது தாண்டிய பிறகுதான் மருந்து போகிறது. அடுத்தது, தோலுக்கடியில் போடும் ஊசி ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கும். இந்த வைரஸ் வேலை செய்வதோ குடலின் மேல்படலத்தில். ரத்தத்தில் இருக்கும் காவல் அங்கே போதிய அளவு போய்ச் சேருவதில்லை. உலகச் சிறுவிலங்கு மருத்துவர் சங்கம் 2016-இல் வெளியிட்ட தடுப்பூசி வழிகாட்டியில் நாய்க் கொரோனா ஊசியைப் 'பரிந்துரைப்பதில்லை' என்ற பட்டியலில் வைத்ததற்கும் காரணம், இது காக்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதுதான்.

அப்படியானால் நைன் இன் ஒன் போட்டால் கெடுதலா? பயப்படும்படி இல்லை. ஏற்கெனவே போட்டவர்கள் வருத்தப்பட வேண்டாம், அதில் பார்வோவும் டிஸ்டம்பர் என்ற உயிர்க்கொல்லி வைரஸ் நோயும் இருக்கிறதே, அதுதான் முக்கியம். பக், பொமரேனியன் மாதிரிச் சின்ன உடம்புக்காரர்களுக்கு மட்டும் ஒன்று சொல்வேன். அமெரிக்காவில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் பதிவுகளை வைத்து 2005-இல் வெளிவந்த ஆய்வில், உடல் எடை குறையக் குறைய, ஒரே நாளில் போடும் ஊசிகள் கூடக் கூட, வீக்கம், அரிப்பு, வாந்தி போன்ற பின்விளைவுகளும் கூடியது தெரிந்தது. ஆகவே சின்னக் குட்டிக்குக் கூட்டு ஊசியையும் வெறிநாய்க்கடி ஊசியையும் ஒரே நாளில் போடாமல், கொஞ்சம் இடைவெளி விடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பெட்டியில் இருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்த எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. டிஸ்டம்பர் ஒன்று, பார்வோ ஒன்று, இருமலைத் தரும் பாராஇன்ஃப்ளூயன்சா ஒன்று. ஒரே அடினோ வைரஸ் பாகம் மஞ்சள் காமாலை, இருமல் இரண்டையும் தடுப்பதால் அதை இரண்டாக எண்ணுவார்கள். எலிக்காய்ச்சலில் எத்தனை ரகம் சேர்த்திருக்கிறார்களோ அத்தனையையும் தனித்தனியாகக் கூட்டுவார்கள். அதனால் ஏழு என்று போட்டிருக்கும் ஒன்றில் கொரோனா இருக்கலாம், இன்னொன்றில் இல்லாமலும் இருக்கலாம். குப்பியில் ஒட்டியிருக்கும் லேபிளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். நல்ல டாக்டர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்த ஸ்டிக்கரைத் தடுப்பூசி அட்டையில் ஒட்டித் தரவும் கேளுங்கள்.

எலிக்காய்ச்சலை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நாம் இருக்கிற இடம் அப்படி. பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய் என்று சுற்றிலும் ஓடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் தண்ணீர் வாசலுக்கே வந்து நிற்கிறது. எலிகளின் சிறுநீர் கலந்த அந்தத் தண்ணீரில் நாய் காலை வைத்தால் போதும், சின்னப் புண் வழியாகக் கிருமி உள்ளே போய்விடும். ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாயிடமிருந்து வீட்டில் இருப்பவர்களுக்கும் தொற்றும். இந்தக் காரணம் ஒன்றே போதும். நாய்க் கொரோனாவுக்கு நம் தெருவில் தனியாக ஒரு காரணம் சொல்ல முடியாது. எலிக்காய்ச்சல் ஊசி இரண்டு முதல் நாலு வார இடைவெளியில் இரண்டு டோஸ், பிறகு வருடத்துக்கு ஒரு முறை. மழை தொடங்கும் முன்பே அந்த வருட டோஸ் முடிந்திருந்தால் நிம்மதி. எல்லா ரகத்தையும் அது தடுத்துவிடாது என்பதால், வெள்ள நீரில் நாயை இறக்காமல் பார்த்துக்கொள்வதும் வேண்டும்.

அடுத்து, நான் பணத்தை எடுத்துவைக்கச் சொன்ன பதினாறாவது வாரத்து டோஸ். தாய்ப்பாலோடு குட்டிக்கு வந்த எதிர்ப்புச் சக்தி சில வாரம் உடம்பில் இருக்கும். அது இருக்கும் வரை ஊசி மருந்தையும் அதுவே அழித்துவிடும். எந்தக் குட்டிக்கு எந்த வாரம் அது குறையும் என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால்தான் ஆறு, எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒரு முறை போட்டு, கடைசி டோஸ் பதினாறு வாரமோ அதற்கு மேலோ ஆகும்போது விழ வேண்டும் என்கிறார்கள். நம் பக்கம் நடப்பது என்ன? இரண்டு ஊசி போட்டதும் 'முடிஞ்சிடுச்சு' என்று நிறுத்திவிடுகிறார்கள். நைன் இன் ஒன் இரண்டு டோஸ் போட்டு நிறுத்திய குட்டியைவிட, கொரோனா இல்லாத ஊசியைப் பதினாறு வாரம் வரை முழுதாகப் போட்ட குட்டிதான் பார்வோவிடமிருந்து தப்பிக்கும். அதற்கு மேல் ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ பூஸ்டர். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி தனியாக. மாநகராட்சியின் வளர்ப்பு நாய் உரிமத்துக்கும் அந்தச் சான்று கேட்பார்கள்.

எங்கே போடுவது என்பதிலும் தேர்வு இருக்கிறது. சிலர் மருந்துக்கடையில் ஊசியை வாங்கி, தெரிந்த கம்பவுண்டரை வீட்டுக்கே வரவழைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். செலவு குறையும்தான். ஆனால் இந்த மருந்துகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. கரண்ட் போன கடை ஃபிரிட்ஜில் கிடந்து, சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் வந்து சேர்ந்த குப்பிக்குள், ஊசிக்காக வலுவிழக்கச் செய்த வைரஸ் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. ஊசி போட்ட அட்டை இருக்கும், பாதுகாப்பு இருக்காது. இந்த வழியை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கையில் காசு இல்லையென்றால் வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாதவரம் பால்பண்ணைப் பக்கம் இருப்பவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் கிளை மருத்துவமனை பக்கம். காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் தேர்ந்த கைகள். தனியார் கிளினிக்கில் நேரம் மிச்சம், அவசரத்துக்குப் போன் செய்ய ஒருவர் கிடைப்பார். ஒரே இடத்தில் தொடர்ந்து போவது நல்லது, குட்டியின் எடையும் பழைய கதையும் அவர்கள் கையில் இருக்கும்.

ஊசி எல்லாம் சரி, குட்டிக்கு இப்போதே பேதி என்றால்?

அப்போது கொரோனாவா பார்வோவா என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். நாற்றத்தை வைத்தோ நிறத்தை வைத்தோ சொல்லிவிட முடியாது. காசிமேட்டுப் பக்கம் மீன் கழிவைத் தின்ற குட்டிக்கும் பேதி போகும், குடல்புழு இருந்தாலும் போகும். ஒரு நாள் லேசாகப் போய், குட்டி துள்ளி விளையாடி, தண்ணீர் குடித்து, சாப்பிடவும் செய்தால், பத்தியச் சாப்பாட்டோடு அன்று ஒரு நாள் பார்க்கலாம். வாந்தி, ரத்தம், சாப்பிட மறுப்பது, எழ முடியாத சோர்வு, இதில் எது ஒன்று சேர்ந்தாலும் அன்றே கிளம்ப வேண்டும். மூன்று மாதத்துக்குக் குறைந்த, ஊசி முடியாத குட்டி என்றால் ஒரு நாள்கூட பார்க்க வேண்டாம். வாந்தி எடுக்கும் குட்டிக்கு வாய் வழியாக உப்பு சர்க்கரைக் கரைசலைத் திணித்து நேரத்தைக் கடத்தாதீர்கள், அதற்கு ட்ரிப்ஸ்தான். மனிதர்களுக்கான பேதி நிறுத்தும் மாத்திரை, பாராசிட்டமால், இபுப்ரோஃபென் எதுவும் கொடுக்கக் கூடாது.

கிளினிக்கில் மலத்தைக் குச்சியில் எடுத்து ரேபிட் கிட்டில் பார்ப்பார்கள். பார்வோ, கொரோனா இரண்டையும் ஒரே அட்டையில் காட்டும் கிட்டும் கிடைக்கிறது. கொரோனா ஊசிக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை இந்தப் பரிசோதனைக்குக் கொடுத்தால் அதில் பயன் அதிகம். பார்வோ என்று தெரிந்தால் அட்மிஷனா, தினமும் கொண்டுவந்து ட்ரிப்ஸா என்று உடனே முடிவு செய்யலாம். கொரோனா மட்டும் என்றால் மூச்சு விடலாம். நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் தேறிவிடும், வைரஸுக்கென்று தனி மருந்து எதுவும் இல்லை. சில நாள் முன்புதான் பார்வோ ஊசி போட்டிருந்தால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஊசியில் இருக்கும் வைரஸாலேயே கிட்டில் மங்கலாக ஒரு கோடு விழலாம்.

வாங்கி வந்து ஒரு வாரத்துக்குள் பார்வோ வந்தால், பெரும்பாலும் விற்ற இடத்திலேயே தொற்றியிருக்கும். நோய் வெளியே தெரிய மூன்று முதல் ஏழு நாள் ஆகும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கண்ணே திறந்தும் திறக்காமலும் கூடைக்குள் கிடப்பதைப் பார்த்தால் மனசு இளகும். வாங்காதீர்கள். நீங்கள் வாங்கினால் அடுத்த கூடை வரும்.

வீட்டைச் சுத்தம் செய்வதில் இரண்டு கிருமிகளும் வேறு வேறு. கொரோனாவுக்குக் கொழுப்பு உறை உண்டு. சோப்புத் தண்ணீரும் சாதாரண ஃபினாயிலும் அதைக் கொன்றுவிடும். பார்வோவுக்கு அந்த உறை கிடையாது. ஃபினாயில் ஊற்றி மணக்க மணக்கத் துடைத்தாலும் அப்படியே இருக்கும். நிழலான இடத்தில் மாதக்கணக்கில், ஒரு வருடத்துக்கு மேலும் தாங்கும். தரையை முதலில் நன்றாகக் கழுவிவிட்டு, வீட்டுக்கு வாங்கும் திரவ ப்ளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஈரமாகவே விட்டுக் கழுவ வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் பலன் இல்லை. கிட் இல்லாமல் எந்தக் கிருமி என்று தெரியாதபோது பார்வோ என்றே நினைத்துச் சுத்தம் செய்யுங்கள். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் படிக்கட்டு எல்லோருக்கும் பொது. உங்கள் குட்டி போட்டதை நீங்களே அள்ளிக் கழுவினால்தான் மேல்மாடிக் குட்டிக்கும் பாதுகாப்பு.

கடைசியாக, பார்வோவில் ஒரு குட்டியைப் பறிகொடுத்த வீடு. துக்கம் ஆறுவதற்கு முன்பே பிள்ளைகள் அழுகிறார்கள் என்று இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து, அதுவும் போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே கொரோனா சேர்த்த ஊசியா, சேர்க்காததா என்ற கேள்விக்கே இடமில்லை. சிமென்ட் தரையை ப்ளீச் போட்டுத் தேய்க்கலாம், மண் முற்றத்தையும் சந்துகளையும் அப்படிச் செய்ய முடியாது. அந்த வீட்டுக்கு இரண்டு மாதக் குட்டி வேண்டாம். பதினாறு வாரத்து டோஸ் முடிந்து இரண்டு வாரமாவது ஆன, ஐந்து ஆறு மாத நாயாகப் பாருங்கள். அட்டையைக் கையில் வாங்கி, கடைசி ஊசியின் தேதியைப் பார்த்துவிட்டுக் கூட்டி வாருங்கள். நாட்டு நாய்கள் அந்த வயதில் காப்பகங்களில் நிறைய இருக்கின்றன.